கொழும்பில் இன்னும் நான்கு

ஓடுகிற ஜெமினி
கொழும்பில் இன்னும் நான்குதான்.
ஒன்று என்னுடையது.
ஒன்று கிருலப்பனையில், ஒரு பல்வைத்தியரிடம்.
ஒன்று தெமட்டகொடையில்,
கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்குப் போகும்,
ஏசி கிடையாது,
மணப்பெண்ணின் பவுடர் பொரளையிலேயே கரைந்துவிடும்.
நான்காவது தெஹிவளை கெலார்ட்டினுடையது.

நாங்கள் நால்வரும்
ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதில்லை.
காரைத்தான் விசாரிப்போம்.
"கியர்பொக்ஸ் இப்பவும் உறுமுதா?" என்று
கெலார்ட் கேட்கும்போது
அது கவலையா, கணக்கா
என்பது எனக்குத் தெரியும்.
நானும் அப்படித்தான் கேட்கிறேன்,
காணிக்காரக் கிழவரின் இருமலை
மருமக்கள் காது கொடுத்துக் கேட்பதுபோல.

பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும்
என்கிறவர்கள் ஜெமினி வைத்திருக்கவில்லை.
முஸம்மில் நானாவின் கடையில்
கூரை முட்டக் கதவுகள், பம்பர்கள்,
கண் பிடுங்கிய ஹெட்லைட் கூடுகள்.
என்னைக் கண்டதும்
கேட்குமுன்பே தலையை ஆட்டுவார்,
பிறகு ஒரு பிளேன்டீ சொல்வார்.
"கொம்பெனிக்காரனே காரு செய்றத உட்டுட்டான் மிஸ்,
நீங்க மட்டும் ஏன் உடுறீங்க இல்ல?"

பாசம் என்று நினைக்கவேண்டாம்.
இறக்குமதி நின்றுபோன வருஷம்
பத்து வருஷப் பழைய வெகன் ஆர் ஒன்றுக்குக் கேட்ட விலைக்கு
நான் கொட்டாஞ்சேனை பார்மசியில்
இன்னும் பதினொரு வருஷம் நிற்கவேண்டும்.
ஆகவே
வைப்பருக்கு த்ரீவீலர் மோட்டர்,
ரேடியேட்டருக்கு வெட்டிய லொறி ஹோஸ்,
இடப்பக்கக் கதவில் ஒரு டட்சனின் கைப்பிடி.
மற்றதெல்லாம் மேலே இழுக்கும், அது கீழே.
ஏற வருகிறவர்கள் எல்லோரும்
ஒருதரம் தோற்பார்கள்.

மாசியில் கெலார்ட் அழைத்தார்.
வாட்டர் பம்ப் போய்விட்டதாம்,
எங்கும் இல்லையாம்.
முழுவதும் ஆங்கிலத்தில் பேசியவர்
"தயவுசெய்து" என்பதை மட்டும் தமிழில் சொன்னார்.

கட்டிலுக்கடியில்
ஞாயிற்றுப் பேப்பரில் சுற்றி
இரண்டு பம்ப் இருந்தன.
ஒன்று எனக்கு.
மற்றதும் எனக்கு.
"இல்லை" என்றேன்.
அந்தச் சொல்
முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது.

வைகாசியில் முஸம்மில் நானாவின் கோல்.
ஒரு ஜெமினி வந்திருக்கு மிஸ், முழுசா.
அரைநாள் லீவு போட்டு ஓடினேன்.
பொனட்டைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.
முன்சீட்டில் இருந்து ஒரு பொடியன்
சோத்துப் பார்சல் தின்றுகொண்டிருந்தான்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில்
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று
நெய்ல்பொலிஷால் இலக்கம் எழுதியிருந்தது.
மயில்நீலம்.
எழுபது வயதில் அந்த நிறம் பூசுகிற ஒரு மனுசியைத்தான்
எனக்குத் தெரியும்;
தெஹிவளையில், ஒரு கேற்றைத் திறந்து பிடித்தபடி.

பேரம் பேசவில்லை.
மூடி, ரோட்டர், ஒரு ஹெட்லைட்,
கிளச் கேபிள், பின்கண்ணாடி ரப்பர்
எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் போட்டுத் தந்தார்கள்.
பம்ப் இருந்த இடத்தில் ஓட்டை.
அது கண்ணில் படாதபடி நின்றேன்.

இப்போது மழைக்காலையிலும்
தும்மாமல் கிளம்புகிறது என் கார்.
இவ்வளவு நன்றாக
அது ஒருநாளும் ஓடியதில்லை.

போன செவ்வாய், தெஹிவளைச் சந்தி,
நூறாம் நம்பர் பஸ்ஸுக்குக் குடையோடு கெலார்ட்.
நிறுத்தாமல் போயிருக்கலாம்.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.
நிறுத்தினேன்.
கைப்பிடியை முதல்தரமே கீழே இழுத்து ஏறினார்.
கேட்கவில்லை நான், எப்படித் தெரியுமென்று.

கொஞ்ச நேரம் என்ஜினைக் கேட்டார்.
"டைமிங் முந்துது.
ரெண்டு டிகிரி பின்னுக்கு வையுங்கோ,
அவளுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார்.
எவளுக்கு என்று அவரும் சொல்லவில்லை.

பிறகு வெள்ளவத்தை வரும்வரை
பேச்சில்லை.
கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை,
சூடு காட்டும் முள்ளையே பார்த்தபடி வந்தார்.

அது நடுவிலேயே நின்றது.